தடவினால் மட்டும் இருக்கிற ஆள்

பேருந்து நிலையச் சுவரில் இருந்த பெரிய ஓவியத்தில் இல்லாத ஒரு ஆள், அதன் கீழே பார்வையற்றவர்களுக்காகப் பதித்த புடைப்புப் பலகையில் நின்றுகொண்டிருந்தான். கண்ணால் பார்த்தால் தெரியமாட்டான், தடவினால் மட்டும் இருப்பான். பலகை வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கூத்து. எங்கள் ஊரில் எந்த நல்ல காரியம்தான் ஒழுங்காக நடந்திருக்கிறது?

ஓவியம் பழையது. ஆற்றுப் பாலம் கட்டியதைக் காட்டுவது. இடது ஓரத்தில் மணல்மேடு, அப்புறம் வரிசையாகத் தூண்கள், மூன்றாவது தூணைத் தாண்டினால் ஒரு சாலை, சாலையில் ஒரு பஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளைச் சட்டையில் பாலத்தைக் கட்டிய காண்ட்ராக்டர். அவரே பிற்பாடு நகராட்சித் தலைவர் ஆகிவிட்டதால் ஓவியத்துக்கு வருஷா வருஷம் வர்ணம் பூசுவார்கள், அவர் முகத்துக்கு மட்டும் இரண்டு தடவை. பொதுச்சுவரில் என்ன வரைந்திருக்கிறது என்று எங்களுக்கும் தெரிய வேண்டாமா என்று பார்வையற்றோர் சங்கத்தார் வந்து கேட்டபோது தலைவர் மறுபேச்சு பேசாமல் சம்மதித்தார். தன் முகத்தை இன்னும் நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்கிற ஆசைதான், வேறென்ன? முதலில் பிரெய்ல் எழுத்தில் ஒரு விளக்கம் ஒட்டினார்கள். அச்சகத்துக்காரர் புள்ளிகளை மையில் அடித்துக் கொடுத்துவிட்டார். தடவினால் வழவழவென்று வெறும் காகிதம். சங்கத்தார் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் ஒரு கொத்தனாரைப் பிடித்து, கைக்கு எட்டும் உயரத்தில், ஓவியத்தை அப்படியே சிமெண்டில் புடைப்பாக எடுத்தது. ஆட்கள் எல்லாம் ஒரு சாண் உயரம்.

அவனை முதலில் கண்டுபிடித்தவள் ஆபரேட்டர். பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிறவள். பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் குரல் தெரியாத வீடு ஊரில் கிடையாது. மணல்மேட்டின் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர் யார் என்று நகராட்சிப் பொறியாளரிடம் கேட்டாள். அங்கே யாருமே இல்லை என்றார் பொறியாளர். அடுத்த வாரம் வந்து தடவிப் பார்த்துவிட்டு, அவர் இரண்டு விரல் தள்ளிப் போயிருக்கிறார் என்றாள்.

ஊர் சந்தேகப்பட்டது. சந்தேகப்படுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடியாரம் சரியான நேரம் காட்டினால்கூட யார் திருப்பி வைத்தது என்று விசாரிப்போம். முதலில் மாட்டியவர் கொத்தனார். யாரைக் கேட்டு ஆள் சேர்த்தாய் என்று பிடித்துக்கொண்டார்கள். அவர் தடவிப் பார்த்தார், சொரசொரப்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவியவர்களுக்கும் அதே கதைதான். சரி, பார்வையற்றவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு நம்மை ஆட்டிப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். பொறியாளர் படித்தவர் இல்லையா, வெளியூரிலிருந்து முன்பின் அறியாத பார்வையற்றவர்களைத் தனித்தனியாக வரவழைத்தார். ஒவ்வொருவரும் விரல் வைத்த இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். காலையில் வந்தவர்களுடைய புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்தன, மாலையில் வந்தவர்களுடையவை ஒரு நூல் முன்னால். புள்ளிகளைச் சேர்த்தால் மூன்றாவது தூணைப் பார்த்து ஒரு கோடு. ஆள் நடக்கிறான் என்று தெரிந்ததும் பொறியாளர் மாற்றல் கேட்டு மனுப் போட்டார்.

ஆபரேட்டருக்கு இருந்த பயம் வேறு. அவளுடைய அப்பா அந்தப் பாலத்தில் வேலை பார்த்தவர். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. காண்ட்ராக்டரே வீடு தேடி வந்து, குருட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாதென்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்னதை ஊர் வாய் ஓயாமல் சொல்லியது. அந்த ஒரு பேச்சைக் கேட்டுக்கேட்டே அவள் வளர்ந்தாள். தன்னால்தான் அப்பா போனார் என்று நம்பினாள், அந்த வலி ஒரு நாளும் குறையவில்லை. தொலைபேசியில் யாராவது குரல் பழகிப்போய், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், சட்டென்று ஏதாவது ஒரு வார்டுக்கு இணைப்பைத் தள்ளிவிடுவாள். அம்மா ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை. அடுப்பு மூட்டும்போது புருஷனைத் திட்ட ஆரம்பித்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்வரை திட்டுவாள்.

அப்பாவைப் பற்றி மகளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பிடரியில் எலுமிச்சை அளவு ஒரு கொழுப்புக் கட்டி. தோளில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அவள் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். பலகையில் இருந்த ஆளின் பிடரியிலும் கடுகளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்.

“ஓடிப்போனவனுக்குச் சிலை ஒண்ணுதான் குறைச்சல். போய்ச் சோத்தைத் தின்னு” என்றாள் அம்மா.

அவர் தூணோடு நின்றால் பரவாயில்லை, தாண்டி நடந்தால் பஸ் என்று மகள் பயந்தாள். சுவரும் அதையே சொல்லிவிட்டால் இனி யாரிடம் போய்க் கேட்பது? வேலை முடிந்ததும் தினமும் போய், தூணுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

இடைவெளி ஒரு விரல்கடை ஆனபோது தலைவர் பலகைக்குக் கண்ணாடி போட்டுவிட்டார். அழுக்குப் படுகிறதாம். ‘தொடாதீர்கள்’ என்று பிரெய்லிலும் எழுதி வைத்தார்கள். இந்தத் தடவை புள்ளிகள் நன்றாகவே மேடாக இருந்தன, ஆனால் அதையும் கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டார்கள். தன் முகத்தைத் தடவட்டும் என்று ஆசைப்பட்ட மனுஷன் இப்போது ஏன் மூடுகிறார் என்று ஊரின் சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு வணக்கம் சொல்கிறவர்கள்கூட ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

கண்ணாடி போட்ட மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ஒரு அழைப்பு வந்தது. சங்கத்து நாற்காலி பின்னுகிறவர், பஸ் ஏறும் இடத்துக் கைப்பிடிக் கம்பியில் அந்தப் பலகை ஆள் இருக்கிறார் என்றார். ஆபரேட்டர், நோயாளி ஒருவரைக் கேட்ட பெண்மணிக்குச் சலவைக்கூடத்தை இணைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அழைப்பு, தபாலாபீஸ் சுவரில், ஒரு முழ உயரத்துக்கு. அப்புறம் சந்தைத் தூணில், இடுப்பு உயரத்துக்கு. பஸ் போகும் பக்கம் இல்லை அது, ஆற்றுப் பக்கம். அவள் வாய்விட்டு அழுதாள். அப்போதும் வந்த அழைப்புகளை விடாமல் இணைத்தாள். கடைசியாக, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இருந்தார், இப்போது கீழே இறங்குகிறார் என்று தகவல் வந்ததும் காதில் மாட்டியிருந்த தொலைபேசிக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். அவள் வேலை நேரத்தில் எழுந்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் அவள் பின்னால் போனார்கள், வழியில் ஊர் சேர்ந்துகொண்டது.

ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஓடியது. மூன்றாவது தூணின் அடியில் அவர் முழு ஆளாக நின்றார், முதுகு வெளிப்பக்கம், கைகள் இரண்டும் தலைக்குமேல். ஊர்க்காரர்களுக்கு வெறும் தூண்தான் தெரிந்தது. அவள் தடவிக்கொண்டே மேலே போய்ப் பிடரியைத் தொட்டாள். இப்போது தோளில் ஏற வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சை அளவு கட்டி உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது.

“அப்பா பஸ் ஏறல” என்றாள்.

கூட்டத்தோடு தலைவரும் வந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தூணைப் பார்த்தே பேசினார்.

“கான்கிரீட் கொட்ட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்துனா தூண் நிக்காது.”

அம்மா சமையலறை ஈரக்கையோடு வந்து சேர்ந்தாள். தூணைத் தடவினாள், அவளுக்கு சிமெண்ட்தான் கிடைத்தது. மகள் கட்டியை விடவில்லை. அம்மா அவள் கைமேல் தன் கையை வைத்தாள். நடுவில் மகளின் கை இருந்தும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இவ்வளவு பக்கத்துல நின்னுக்கிட்டா இத்தனை வருஷமும் என்னைத் திட்ட விட்டே?” என்று புருஷனிடம் கேட்டாள்.

பாலம் அந்தத் தூணின்மேல் நிற்பதால் உடைக்க முடியாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அவருக்கு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். தலைவர் பதவியும் போய், வழக்கும் நடந்து, ஜெயிலிலிருந்து வெளியே வந்த பிறகு ஆற்றைக் கடக்கப் படகில்தான் போகிறார். ஓவியத்தில் அவர் முகம் வெளுத்துக் கிடக்கிறது. நகராட்சி தூண்வரைக்கும் கைப்பிடி வைத்துப் படி கட்டி, மேடான புள்ளிகளில் பலகையும் வைத்தது. விடுமுறையில் வெளியூர்க்காரர்கள் வந்து, ஒன்றுமே இல்லையே என்று குறைப்படுவார்கள். பார்க்க ஒன்றும் கிடையாது, தொடுகிறவர்களுக்கு வழி விட்டு நில்லுங்கள் என்று படகுக்காரர் அவர்களை ஒதுக்கிவிடுவார்.

ஆபரேட்டர் இன்னமும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். தொலைபேசியில் யாராவது, அப்பா என்னம்மா பண்றார் என்று கேட்டால் இப்போதெல்லாம் வார்டுக்குத் தள்ளுவதில்லை.

“பாலத்துல வேலைங்க” என்கிறாள்.