மாலை போட்ட ஆம்ப்

வசந்தகுமார் வாசிப்பது பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் சத்தம். எட்டு வருடமாக வாசிக்கிறான். வாசிக்கிறான் என்பதற்கு அவனைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில், "மேடைல நின்னுகினு இன்னாவோ சொறிஞ்சிகினு இருந்தியே, அது இன்னாப்பா?" என்று கேட்பார்கள். அவன் பெண்டாட்டி அருணா அதுகூடக் கேட்டதில்லை. எந்தக் கச்சேரி முடிந்தாலும் "நல்லா இருந்திச்சிங்க" என்பாள். ஆறிப்போன உப்புமாவையும் அவள் அப்படித்தான் சொல்வாள் என்பதால் அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த நிலையில்தான் அவன் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் முதலாளியும் முதல் பாடகருமான சந்திரமோகன் அவனைக் கூப்பிட்டு அன்போடு கழுத்தில் கத்தி வைத்தார்.

"வசந்தா, நம்ம கீபோர்டு கிருஷ்ணாவுக்கு இடது கை சும்மாதான் கீது. பேஸை அதுலயே வாசிச்சிட்றேன்றான். ஆயுத பூஜை கச்சேரில உன் சத்தம் ஜனத்துக்குக் கேட்டா சரி. கேக்கலன்னா, அப்பாலிக்கு நீ ஊட்லயே இரு."

எட்டு வருட உழைப்பு ஒரு இடது கைக்குச் சமம் என்று ஆனபின் வசந்தகுமாருக்குத் தூக்கம் போய்விட்டது. அலைந்து திரிந்து அத்திப்பட்டில் பேஸ் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஒரு பழைய ஆம்ப் பெட்டியைக் கண்டுபிடித்தான். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் சுப்பிரமணி அதை ஆசையாக வாங்கி, அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணத்தை மொத்தமாக இழந்து, கடைசியில் துணி போர்த்தி டீவி ஸ்டாண்டாக வைத்திருந்தார்.

"கச்சேரில போட்டுப் பாரு நைனா. புடிச்சா வச்சிக்க. புடிக்கலன்னா சாயங்காலம் கொண்டாந்து எறக்கிட்டுப் போ" என்றார். அவர் முகத்தில் தெரிந்தது தாராள மனசா, தொல்லை விட்டது என்ற நிம்மதியா என்று சொல்ல முடியாது.

கச்சேரி கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புப் பட்டறைக் கம்பெனியில். பதினொரு மணிக் கச்சேரிக்கு வசந்தகுமார் எட்டு மணிக்கே குட்டியானை வண்டியில் ஆம்ப்போடும் அருணாவோடும் போய் இறங்கினான். குழுவில் யாரும் இதுவரை செய்யாத காரியம் இது. ஷெட்டின் ஒரு ஓரத்தில்தான் மேடை. கம்ப்ரசர் மிஷினுக்குப் பக்கத்தில் ஆம்ப்பை இறக்கி வைத்துவிட்டு இருவரும் கேன்டீனுக்கு நாஷ்டா சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது ஆம்ப்புக்கு மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், கழுத்து இல்லாத குறைக்கு மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய சாமந்தி மாலை. தலையில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு. பூசணிக்காய் உடைத்துக் கற்பூரமும் காட்டி முடித்திருந்தார்கள்.

"கரண்ட்ல ஓடுற ஒரு பொருளையும் வுடல தம்பி" என்றார் பூஜைக்குப் பொறுப்பான ஃபோர்மேன் ஆதிகேசவன், பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம் சார். அந்தப் பூவ எடுத்துட்டு வயரை மாட்டிக்கிறேன்."

ஆதிகேசவன் அவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பூஜை போட்ட மிஷினை நாளைக்கு விஜயதசமி அன்னிக்கிதான் ஆன் பண்ணணும். போன தபா ஒருத்தன் அவசரப்பட்டு கிரைண்டரை ஓட்டிட்டான். அந்த வருசம் எங்களுக்கு போனஸே இல்ல, தெரியுமா?"

போனஸ் என்ற சொல் கேட்டதும் சுற்றி நின்ற தொழிலாளர்கள் ஆம்ப்பைச் சுற்றி இன்னும் நெருக்கமாக நின்றுகொண்டார்கள். நாட்டின் எல்லையைக்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் காவல் காத்திருக்க மாட்டார்கள். வழக்கம்போல் தாமதமாக வந்த குழுவின் கீபோர்டு, டிரம்ஸ், மைக் எதற்கும் பொட்டு இல்லை. நேரத்துக்கு வராதவர்களை அன்றைக்குச் சாமியே காப்பாற்றிவிட்டது.

"அண்ணே, வயரை நேரா சவுண்டு மிக்சர்ல குடுத்துட்றேன்" என்று வசந்தகுமார் சந்திரமோகனிடம் கெஞ்சினான்.

"தனி ஆம்ப் வருதுன்னு நீதானப்பா சொன்ன? மிக்சர்ல உன் லைனை கோரஸ் பொண்ணு மைக்குக்குக் குடுத்துட்டேன். பேஜாரு பண்ணாத. ஏழு பேர்னு கம்பெனிக்குச் சொல்லிக்கீறேன். மேடைல நின்னு வெரலை ஆட்டு, போதும்."

ஆட்டினான். இரண்டரை மணி நேரம், எந்த வயரும் மாட்டாத கிட்டாரில், ஒரு பாட்டு விடாமல் ஆட்டினான். கிருஷ்ணாவின் இடது கை பேஸைப் பிசிறில்லாமல் வாசித்தது. பக்கத்தில் ஆம்ப் மாப்பிள்ளை முறுக்கோடு மாலையும் பொட்டுமாக உட்கார்ந்திருந்தது. வசந்தகுமாருக்கு அழுகை வந்தது. முதல் வரிசையில் அருணா உட்கார்ந்திருந்ததால் விழுங்கிக்கொண்டான்.

முடிந்ததும் கம்பெனி மேனேஜர் மேடை ஏறி நேராக அவனிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க பேஸ்தான் சார் இன்னிக்கு ஹைலைட். அந்த மாலை போட்ட பெட்டியிலிருந்து என்ன ஒரு சவுண்டு! நெஞ்சே அதிருது. அடுத்த வருஷமும் இவரைக் கட்டாயம் கூட்டிட்டு வரணும்."

சந்திரமோகன் அவசரமாக வசந்தகுமாரின் தோளில் கை போட்டார். "கண்டிப்பா சார். வசந்தகுமார் இல்லாம நம்ம குழு ஏது?" என்றார். பின்னால் கிருஷ்ணா தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலை பிழைத்தது. ஒரு சுரம்கூட வாசிக்காத நாளில் கிடைத்த பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. குட்டியானையில் டிரைவருக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தபோது, வழக்கமான "நல்லா இருந்திச்சிங்க"வுக்காகக் காத்திருந்தான்.

"இன்னிக்கி நீங்க வாசிக்கல, இல்ல?" என்றாள் அருணா.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எப்டித் தெரியும்?"

"சாமி பாட்டு முடிஞ்சி ரெண்டாவதா ஒண்ணு பாடுவாரே, அதுல சரணத்துல ஒரு எடத்துல எப்பவும் தப்பு வுடுவீங்க. இன்னிக்கி வுடல."

"நான் வாசிக்கிறது உனுக்குக் கேக்குமா?"

"அத்தக் கேக்கத்தான வரேன். வேற எதுக்கு, உங்க மொதலாளி பாட்டுக்கா?"

"எந்த எடத்துல தப்பு?"

அவள் டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, மெல்லிய குரலில் 'தும், தும்தும்' என்று அந்தச் சரணத்தின் பேஸை முழுசாகப் பாடிக் காட்டினாள், தப்பு உட்பட.

"மணவாள நகர் ஊட்டுக்கா சார், இல்ல அத்திப்பட்டுக்கா?" என்று டிரைவர் கேட்டான்.

"அத்திப்பட்டுக்கே வுடுப்பா" என்றான் வசந்தகுமார். "ஆம்ப்பைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போலாம்."