முப்பதுக்கு இருபத்தெட்டு

புஷ்ரா கரண்டியை எடுத்துப் பொம்மையின் வாயில் வைத்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தம்ளரைச் சாய்த்தாள். சீப்பால் பொம்மைக்கு இரண்டு இழுப்பு இழுத்தாள். படுக்கப் போட்டாள், துணியால் மூடினாள், தட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இப்படியே மதிப்பெண் தாளில் இருந்த பத்துச் செயல்களும் அதே வரிசையில் முடிந்திருந்தன. மோகனா இன்னும் பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

செயலுக்கு மூன்று மதிப்பெண். கூட்டினால் இருபத்தெட்டு வந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே பிள்ளை வாங்கியது ஒன்பது, அதிலும் பாதி மோகனா மனசு கேட்காமல் போட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் மோகனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகனா காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி கடைசி வருஷம் படிக்கிறாள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தால், பொம்மையைப் பிள்ளையாக நினைத்துச் சோறு ஊட்டுகிற மாதிரியான பாவனை விளையாட்டு கூடுகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காகச் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்து, நின்றுகொண்டே ஆம்பூருக்கு வந்து, ஷூ கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒற்றை அறை மையத்தில் ஆறு வாரமாகத் தரையில் உருண்டாள். பதினோரு பிள்ளைகளோடு ஆரம்பித்தாள். ஒரு குடும்பம் பெங்களூருக்கே போய்விட்டது. ஒருத்திக்கு அம்மை. இன்னொருத்தியின் தாத்தா, "விளையாடறதுக்கா ஆட்டோ வெச்சு அனுப்பறோம்?" என்று கேட்டு நிறுத்திவிட்டார். விளையாட்டுதான் வைத்தியம் என்று மோகனா கரடியாய்க் கத்தியும் மசியவில்லை. மிஞ்சியது எட்டு. எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் ஆராய்ச்சி செல்லாது. எட்டாவது பிள்ளை புஷ்ரா.

இரண்டாவது வாரத்தில் இந்தப் புஷ்ரா டப்பா மூடியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மோகனாவைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதது கூட மோகனாவுக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம் வாராவாரம் பிள்ளை சுருங்கிக்கொண்டே போனாள். பொம்மையைக் கண்டால் முகம் இறுகியது.

கதவோரம் புஷ்ராவின் அம்மா வஜீதா உட்கார்ந்திருந்தாள். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்தவள், புர்காவின் மேல் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ மிஸ் வந்துச்சு?"

"அக்கா, வீட்ல இவளுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

வஜீதா பெருமையாகப் போனை நீட்டினாள். திரையில் மதிப்பெண் தாள், பத்துச் செயல்களும் வரிசையாக. மோகனாவே ஆராய்ச்சியின் முதல் நாள் அனுப்பியது. எதற்குச் சம்மதக் கையெழுத்துப் போடுகிறோம் என்று பெற்றவளுக்குத் தெரியட்டுமே என்ற நல்லெண்ணம்.

"இதே மாதிரி பொம்மை பஜார்ல வாங்கினேன். கம்பெனில புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நாங்க அப்டித்தான் கத்துத் தருவோம் மிஸ். ஒரே பீஸ நூறு தபா பண்ணா கை தானா போவும், பாக்கவே வாணாம். தப்பு பண்ணா ஃபிர்ஸேன்னு சொல்லுவேன், மறுபடி மொதல்லேர்ந்து. ஜாஸ்தி அழுதா. அப்புறம் அழறதயும் உட்டுட்டா."

"இது பரீட்சை இல்லக்கா. விளையாட்டு."

"மார்க் போடறீங்கல்ல?"

மோகனா கையிலிருந்த தாளை மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் மூணு ஸ்கூல் ஏறி எறங்கினேன். மார்க் கம்மியா இருந்தா யாரு மிஸ் சேத்துப்பாங்க?"

இவளிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? தாளை அனுப்பிய தன் கையைத்தான் ஒடிக்க வேண்டும். மோகனா வெளியே வந்து ஆராய்ச்சி வழிகாட்டி மனோரமா மேடத்துக்குப் போன் போட்டாள்.

"ஒன்பதுலேர்ந்து இருபத்தெட்டா! ரொம்ப நல்லா வந்திருக்கே. சனிக்கிழமை சப்மிட் பண்ணிடு."

"வீட்ல மனப்பாடம் மாதிரி பழக்கியிருக்காங்க மேடம்."

"அப்ப அந்தக் குழந்தைய கணக்குலேர்ந்து எடுக்கணும். ஏழு பத்தாது, அடுத்த வருஷம் புதுசா ஆரம்பிக்கணும். பாத்தது நீ. நீயே முடிவு பண்ணு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல இருந்தது, திட்டுவதற்குத் தகுந்த ஆள்தான் அகப்படவில்லை. பேனாவைத் திறந்துகொண்டே உள்ளே வந்தாள். இருபத்தெட்டை அப்படியே எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

உள்ளே தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் புஷ்ரா பொம்மையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். அதன் கையில் கரண்டியைச் சொருகினாள். கரண்டி விழுந்தது. பொம்மையின் கையில் பட்டென்று ஒரு அடி.

"ஃபிர்ஸே."

ஆறு வாரத்தில் பொம்மையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. குரல் அப்படியே வஜீதாவின் குரல். மறுபடி சொருகினாள், மறுபடி விழுந்தது, மறுபடி அடி. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. மோகனா எதற்காக இத்தனை நாள் பஸ்ஸில் தொங்கினாளோ அதுதான் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. தாளைப் பார்த்தாள். பத்து வரியில் ஒன்றிலும் இதற்கு இடமில்லை.

வஜீதா எழுந்து நின்றிருந்தாள். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புஷ்ரா தன் சட்டை நுனியை இழுத்துப் பொம்மையின் இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டாள். நன்றாக அழுத்தித் துடைத்தாள். பிறகு கரண்டியை எடுத்து மறுபடியும் அதன் கையில் வைத்தாள்.

"ஃபிர்ஸே."