ரெண்டு பக்கமும் வெட்டுங்க

சாவி கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே ஸ்வர்ணலதா ஜீப்பை எடுத்துக்கொண்டு இரும்பேட்டில் இருக்கும் தென்னரசுவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினாள். ஓட்டிக்கொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. கியர் சரியாக விழவில்லை. கடைத்தெருவில் வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பட்டுக்கடைப் படிகளில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவள் சுற்றுவழியை விட்டுவிட்டு அந்தத் தெருவில் வந்தாள்.

அது பட்டு வியாபாரி தேசிங்குவின் ஜீப். ஆரணியில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வண்டி. கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று இருந்த அதே பச்சை, அதே விளக்கு, அதே சீட்டு. ஒரு நட்டைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறான் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து போட்டோ எடுப்பார்கள். பழைய வண்டிக் கண்காட்சிகளில் வாங்கிய கோப்பைகளைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே வரிசையாக அடுக்கியிருந்தான். அவனோடு பதினோரு வருஷம் குடித்தனம் செய்த ஸ்வர்ணலதா அந்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பொம்பளை கை பட்டால் கிளட்ச் போய்விடும் என்பான்.

ஏதோ வருமான வரி யோசனையில் வண்டியை மனைவி பெயருக்குப் பதிந்தவனும் அவன்தான். பதிந்ததை மறந்துவிட்டான். விவாகரத்து வழக்கு நடக்கும்போது அவளுடைய வக்கீல் சுகன்யா ஆர்.சி.யைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வண்டி உங்களுதுங்க. போய்க் கேளுங்க." போலீஸ் ஸ்டேஷனில் வைத்து அவன் சாவியை மேஜைமேல் எறிந்தான். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மதியம். ஸ்வர்ணலதாவுக்கு ஏழு மாதம். வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு சேலைக்கு முந்தானை டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். திடீரென்று இடுப்பில் வலி பிடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கார் சரக்கோடு காஞ்சிபுரம் போயிருந்தது. ஷெட்டில் ஜீப் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்காக இரண்டு நாள் பாலிஷ் போட்டு வைத்திருந்தான் தேசிங்கு.

"இத்தப் போயி சேத்துல எறக்கச் சொல்றியா? இரு, ஆட்டோ சொல்றேன்" என்றான்.

ஆட்டோ வெகுநேரம் கழித்து வந்தது. வந்த ஆட்டோவும் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீரில் நின்றுபோனது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். பெண் குழந்தை. அழவில்லை, மூச்சும் விடவில்லை.

அதைக்கூட அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். அவள் எழுந்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தேசிங்கு ஊரெல்லாம் ஒரு கதை சொல்லிவைத்தான். சொல்லச் சொல்லக் கேட்காமல் மழையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தறிக்காரர் வீட்டுக்குப் போனாள், பள்ளத்தில் விட்டாள், அதனால்தான் ஆயிற்று என்று. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அம்மா அபிதகுசாம்பாள், "என் பேத்திய ஸ்கூட்டர்ல வெச்சே கொன்னுட்டா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து தேசிங்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் நடந்ததைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. பெற்றவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள்.

ஜீப் வந்து நின்றதும் தென்னரசு, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்துக்குள்ளிருந்து ஏறிவந்து கையைத் துடைத்துக்கொண்டான். சென்னையில் மலையேறும் வண்டிகள் தயார் செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிச் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டவன். தேசிங்குவின் ஜீப்புக்கு ஆயில் மாற்றுவதும் அவன்தான்.

"வாங்கண்ணி. அண்ணன் வரலீங்களா?"

"அண்ணி இல்ல. அக்கான்னு கூப்பிடுங்க" என்றாள். "இந்த வண்டியத் தூக்கணும். காட்டு ரோட்ல போறவங்க வண்டி ஒசரமா இருக்குதே, அந்த மாதிரி."

தென்னரசு ஜீப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வண்டிய ஒசத்தற லிஃப்ட் கிட்டா? இதுக்கா? அக்கா, இந்த வண்டிய இப்பிடி ஒரிஜினலா இந்தப் பக்கம் எவனும் வெச்சிகினு இல்ல."

"தெரியும். அதான் கேக்கறேன். இன்னா இன்னா வழி இருக்குது, சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். சொல்லச் சொல்லத் தொழில் அவனை இழுத்துக்கொண்டது. வண்டிக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினான். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்கும் துண்டுக்கு ஷாக்கிள் என்று பெயர். அதை நீளமாகப் போட்டால் மலிவில் உயரும், ஆனால் ஸ்டியரிங் ரோட்டில் நிற்காது, அலையும். இரண்டாவது, அதிக வளைவுள்ள புதுப் பட்டை செட்டு. ரெண்டரை இஞ்ச் உயரும். அதற்கேற்ற நீளத்தில், குலுக்கலை அடக்கும் ஷாக்கும் பிரேக் குழாயும் சேர்ந்தே வரும். மூன்றாவது, சக்கர அச்சான ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைத்து வெல்டு பண்ணுவது. அஞ்சு இஞ்சுக்கு மேலே போய்விடும்.

"இதுல எத செஞ்சா வண்டி மறுபடி பழையபடி ஆகாது?"

தென்னரசு டார்ச்சை அணைத்தான். அப்படி ஒரு கேள்வியை எந்த வண்டிக்காரரும் அவனிடம் கேட்டதில்லை.

"ஷாக்கிள ஒரு டீ குடிக்கிற நேரத்துல கழட்டிரலாம். புதுப் பட்டையும் அப்பிடித்தான், ஒருநாள் வேலை. வெல்டு பண்ணா மட்டும் போனது போனதுதான்."

"அப்ப வெல்டு பண்ணுங்க."

"வேணாங்கக்கா. அவ்ளோ ஒசரத்துல வளைவுல கொஞ்சம் வேகமாத் திருப்பினா சாஞ்சிடும். பிரேக் அடிச்சா ஆக்சில் முறுக்கும். நாலு நாள் ஓட்டிப் பாத்துட்டு பயந்துகினு ஓரமா நிறுத்திடுவீங்க. அப்புறம் ஷெட்டுலதான் கெடக்கும்."

ஷெட்டில்தான் கிடக்கும் என்ற சொல் அவளை நிறுத்தியது. அது ஷெட்டில் கிடந்ததால் வந்த வினைதானே எல்லாம். இது தினமும் ரோட்டில் ஓட வேண்டும். தேசிங்கு டீ குடிக்க வெளியே வரும்போதெல்லாம் கண்முன்னால் சேறும் சகதியுமாகப் போக வேண்டும். அதற்கு வண்டி நன்றாக ஓடியாக வேண்டும், ஓட்டுகிறவளும் உயிரோடு இருக்க வேண்டும்.

"சரி, ரெண்டாவதே போடுங்க. ஆனா டயர் பெருசா வேணும். சேத்துக்குப் போடற டயர்."

"பெரிய டயர் போட்டா திருப்பும்போது மட்கார்டுல இடிக்கும். முன்பக்கம் ரெண்டு மட்கார்டையும் வெட்டணும். இந்த மட்கார்டு இனிமே எங்க தேடினாலும் கெடைக்காதுங்க."

"நல்லது" என்றாள் ஸ்வர்ணலதா.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பர்மிஷன் வேற வாங்கணும், இல்லன்னா பேஜாரு."

"அத நான் பாத்துக்கறேன்."

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வரும்வரை அவள் தினமும் வந்தாள். எந்த ஷாக் மலைப் பாதையில் சீக்கிரம் சூடாகும், பட்டையில் எத்தனை தகடு இருந்தால் சவாரி முரடாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கட்டம் கட்டமாக டிசைன் போட்டுப் பழகியவளுக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. தென்னரசு கொஞ்சம் மிருதுவான செட்டைச் சொன்னபோது, "நான் ஒருத்திதானே போகப் போறேன்? பாரம் இல்லயே, சரி" என்றாள். சொந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

பட்டையும் ஷாக்கும் மாட்டி முடித்து, மட்கார்டில் சாக்பீஸால் கோடு போட்ட அன்று தேசிங்கு வந்தான். காரில் அவன் அம்மாவும் இருந்தாள். தென்னரசு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்கதான் போன் பண்ணீங்களா?" என்று கேட்டாள் ஸ்வர்ணலதா.

"மனசு கேக்கலக்கா. எத்தினி வருஷமா என் கையால பாத்த வண்டி."

"பரவால்ல. நீங்க பண்ணலன்னா நானே பண்ணியிருப்பேன்."

ஸ்டாண்டுமேல் உயர்ந்து நின்ற ஜீப்பைப் பார்த்ததும் தேசிங்குவுக்கு முகம் வெளுத்தது. முதலில் அதட்டினான். "இன்னாடி பண்ணிகினு இருக்கே? எறக்குடா வண்டிய!" தென்னரசு அசையவில்லை. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். பிறகு தேசிங்குவின் குரல் இறங்கியது. வேறு வண்டி வாங்கித் தருகிறேன் என்றான். கேட்டதெல்லாம் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கிறேன் என்றான். மட்கார்டைத் தடவியபடியே பேசினான். பேசிக்கொண்டிருந்தவனுக்குக் கண் கலங்கியது, கன்னத்தில் வழிந்தது.

ஸ்வர்ணலதா அந்தக் கண்ணீரையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கும்போது இந்தக் கண் காய்ந்து கிடந்தது.

"வெட்டாம விடறேன்" என்றாள். "புதுப் பட்டையையும் கழட்டச் சொல்றேன். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். அன்னிக்கி மத்தியானம் இன்னா நடந்துச்சோ அத இங்க சொல்லணும். உங்க அம்மா காதுல விழற மாதிரி."

தேசிங்கு கூட்டத்தைப் பார்த்தான். காரின் பின்சீட்டில் அபிதகுசாம்பாள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு லதா? விதி அது. போனது போச்சி."

"சொல்ல மாட்டீங்க?"

"ஊர் முன்னால மானத்த வாங்கறியா?"

ஸ்வர்ணலதா தள்ளி நின்றாள். "தென்னரசு, வெட்டுங்க."

கட்டர் அலறியது. வலது மட்கார்டில் பொறி பறந்தது. பச்சைப் பெயிண்ட் கருகி நாறியது. தேசிங்கு காதைப் பொத்திக்கொண்டான். தகடு பாதி அறுந்து தொங்கியபோது பாய்ந்து வந்து தென்னரசுவின் தோளைப் பிடித்து இழுத்தான். கட்டர் நின்றது. நின்றது தெரியாமல் அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"நாந்தான்! வண்டி சேறாயிடும்னு நாந்தான் எடுக்கல! அவ ஸ்கூட்டரத் தொடவே இல்ல! போதுமா? நிறுத்துங்கடா!"

கார்க் கதவு திறந்தது. அபிதகுசாம்பாள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"இன்னாடா சொன்னே?"

அவன் ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னொரு வாட்டி சொல்லுடா."

அவன் வெட்டுப்பட்ட தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்வர்ணலதாவைப் பார்த்து, "அதான் சொல்லிட்டேன்ல? விடு" என்றான்.

"கேட்டப்பவே சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த 'நீங்க' அப்போது அவள் வாயில் வரவில்லை. "நகரு. ஒரு பக்கம் மட்டும் வெட்டினா வண்டி எப்பிடித் திரும்பும்? ரெண்டு பக்கமும் வெட்டுங்க, தென்னரசு."

தென்னரசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடது பக்கம் போனான்.

தேசிங்கு சொன்னது பொழுது சாய்வதற்குள் தறி வீடு, சாயப்பட்டறை என்று ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் அவன் ஆர்.டி.ஓ. ஆபீசில் புகார் எழுதிப் போட்டான். இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து நோட்டீஸ் கொடுத்தார். அவள் ஏற்கெனவே விண்ணப்பம் கொடுத்திருந்த ரசீதைக் காட்டினாள். அனுமதி வரும்வரை பொறுத்திருந்தாள். வந்த அன்று வேண்டுமென்றே அவன் கடை வழியாகத் திரும்பினாள். சாமி படத்துக்குக் கீழே கோப்பைகள் இல்லை. தேசிங்கு தலை நிமிராமல் சேலை மடித்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியைச் சற்று நிறுத்தி, அவன் நிமிர்ந்த பிறகுதான் நகர்ந்தாள். உள்ளே ஏதோ இனித்தது. அதை அவள் மறைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை அபிதகுசாம்பாள் அவள் வாடகை வீட்டு கேட்டின்முன் வந்து நின்றாள். கையில் பூவும் பழமும் இருந்த ஒரு பை. ஸ்வர்ணலதா அப்போதுதான் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் கிழவி. "அவன் சொன்னத நம்பினேன்."

"நான் சொன்னேனே. என்னை ஏன் நம்பல?"

கிழவி பையை நீட்டினாள். ஸ்வர்ணலதா அதை வாங்கவில்லை. உள்ளே வாங்க என்று சொல்லவும் இல்லை. கேட்டைத் திறந்து, கிழவி ஒதுங்கும்வரை காத்திருந்து, ஜீப்பைத் தெருவுக்கு எடுத்தாள். தெருமுனையில் ஒருதரம் கண்ணாடியில் பார்த்தாள். கிழவி அங்கேயே நின்றிருந்தாள். அவள் வண்டியைத் திருப்பவில்லை.

படவேட்டைத் தாண்டி ஜவ்வாது மலையடியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை ஓடைக்கு இறங்குகிறது. முந்தின நாள் மழையில் அது குழம்பாகக் கிடந்தது. இறங்கி நின்று பார்த்தாள். நெஞ்சில் இருந்த எரிச்சல் போய்விட்டதா என்று தேடினாள். போகவில்லை. கொஞ்சம் குறைந்திருந்தது. போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

ஏறி உட்கார்ந்து, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் சின்னக் கம்பியைத் தள்ளினாள். தென்னரசு சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கைத் தொடாமல் முதல் கியரில் விட்டாள். வண்டி முன்பக்கம் முங்கி எழுந்தது. மட்கார்டு இருந்த இடத்தின் வழியாகச் சேறு விசிறியடித்துக் கண்ணாடியை மூடியது. வைப்பரைப் போட்டாள். எதிர்க்கரை தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.