அஞ்சரைக்கு வந்துடுவா

அப்பாவுக்குப் போட்டு அனுப்ப வேண்டிய நீலச் சட்டையை ஜெனெல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் மடங்கிக்கொண்டே இருந்தது.

"நீ வீட்லயேதானே இருந்தே?" காலையிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டான் அண்ணன் கர்ட்டிஸ்.

"மீட்டிங்ல இருந்தேன்."

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி தலையாட்டியதும், சிகாகோ வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா இருந்த டுலூத்துக்கு ஓடிவந்தவள் அவள். அப்பாவைத் தனியே விடக் கூடாது, அது ஒன்றுதான் காரணம். முதலாளிகள் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார்கள் என்று தோழிகளிடம் பெருமை வேறு. ஆனால் முதல் வாரமே, காபியோடு அவள் அறைக்குள் வந்தவரை, "அப்பா, இதை ஆபீஸ்னு நினைச்சுக்கோங்க" என்று விரட்டினாள். நினைத்தால் இப்போது வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாற்பது வருஷம் ரயில்வேயில் உழைத்த மனிதர். ஆபீஸ் என்றால் அவருக்கு ஆபீஸ்தான். அப்புறம் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. மாலை அஞ்சரைக்கு அவள் வெளியே வந்தால், "வந்துட்டியா? ரோட்ல பனி ஜாஸ்தியோ?" என்பார். இருவரும் சிரிப்பார்கள். நேற்று அஞ்சரைக்கு அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். உடம்பு ஆறியிருந்தது.

வாசல் மணி அடித்தது. சர்ச்சில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்காரும் மேரிலிஸ், கையில் மூடிய பாத்திரத்தோடு நின்றாள். ஊரின் மறுகோடியிலிருந்து வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்து நாலு மணிக்குத்தாம்மா போன்ல பேசினேன். தோள்லேர்ந்து கைவரைக்கும் இழுக்குதுன்னாரு. பனி அள்ளினதுல பிடிச்சுக்கிச்சாம். பொண்ணுகிட்ட சொல்லுங்களேன்னேன். 'அவ ஆபீஸ்ல இருக்கா, அஞ்சரைக்கு வந்துடுவா, வந்ததும் சொல்றேன்'னாரு."

கர்ட்டிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"ஆபீஸ் ரொம்ப தூரமோ கண்ணு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பறந்து வந்திருப்பியே!"

ஜெனெல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தூரமில்லைங்க. அதோ, அந்தக் கதவு."

மேரிலிஸ் கதவைப் பார்த்தாள். பத்தடிகூட இருக்காது. பனிக் காலணியைக் கழற்றாமலே உள்ளே வந்து, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பளத்தில் தண்ணீர் சொட்டிப் பரவியது. யாரும் எழுந்து துடைக்கவில்லை.