குதிரைக்காரனின் தம்பி

அமிர்தவல்லிக்கு அந்தக் குதிரைக்காரனைக் கண்டாலே ஆகாது. அவனை அவள் கண்டதில்லை என்பது வேறு விஷயம். அவன் செத்து நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் ரெட்டியார்பாளையத்தில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாக அவன்தான் குடியிருக்கிறான்.

அவள் புருஷன் ஜானகிராமன் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையில் கிடந்த அட்டை கிழிந்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். பிரஷ்யா என்று அந்தக் காலத்தில் இருந்த ஜெர்மானிய ராஜ்ஜியத்தின் குதிரைப்படை அதிகாரி ஆல்பிரெஷ்ட்டின் வாழ்க்கைக் கதை அது. தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எழுதியதைச் சாயங்காலம் அவளுக்குப் படித்துக் காட்டுவார். மகனைப் பறிகொடுத்த வீட்டில் வேறு பேச்சு ஏது? அவளும் கேட்டுத் தொலைத்தாள்.

பதினேழு வயதில் படையில் சேர்ந்தான். ஆஸ்திரியாக்காரனோடு நடந்த சண்டையில் முழங்காலில் குண்டு வாங்கினான். கால் விந்தினாலும் குதிரை மேல் ஏறிவிட்டால் அவனுக்கு ஈடு யாருமில்லை. பிறகு 1870இல் பிரெஞ்சுக்காரனோடு சண்டை. எதிரே பீரங்கி வரிசை. பாய்ந்து போ என்று மேலிடத்து உத்தரவு. போனால் திரும்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவன் தம்பி யோஹான், இருபத்திரண்டு வயசுப் பையன், அதே படையில் இருந்தான். சொந்தத் தம்பியை ஒளித்து வைத்தான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று, அவனை முதல் வரிசையில் நிறுத்தினான். பிறகு வாளைத் தூக்கி, "போ!" என்றான்.

ஆல்பிரெஷ்ட் திரும்பி வந்தான். பதக்கம் கிடைத்தது, கர்னல் ஆனான், கல்யாணம் கட்டாமல் முப்பது வருஷம் குதிரை வளர்த்தான். தம்பியின் பெயரை மட்டும் சாகும்வரை வாயால் சொல்லவில்லையாம்.

இவ்வளவும் நோட்டில் இருந்தது. ஆனால் அந்த "போ"வுக்கு அடுத்த பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டுத்தான் ஜானகிராமன் மற்றதையெல்லாம் எழுதியிருந்தார்.

அமிர்தவல்லி மக்கு இல்லை. புயல் மழை கொட்டிய அந்தக் காலையில் மகன் வெற்றிவேல் வேலைக்குக் கிளம்பத் தயங்கினான். சேர்ந்து நாலே நாள் ஆகியிருந்தது. "மழைக்கெல்லாம் பயந்தா உருப்பட முடியுமா? போடா" என்றார் அப்பா. ரோடும் பள்ளமும் தெரியாத தண்ணீரில் வண்டியோடு விழுந்தான். அன்றிலிருந்து மகன் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாத பெயர் அந்த வீட்டில் அவளை மூச்சுமுட்ட வைத்தது. அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், இரண்டு பேரும் வாய்விட்டு அழலாம்.

அதற்காகத்தான் ஆடி அமாவாசையன்று கடற்கரைக்கு இழுத்துப் போனாள்.

"அப்பன் புள்ளைக்கு எள்ளுத்தண்ணி விடுறதா?" என்றார்.

"கல்யாணம் ஆவாத புள்ள. அதுக்கு வேற யாருங்க இருக்கா? அய்யரு விடலாம்னு சொல்லிட்டாரு."

கூட்டமான கூட்டம். பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்திருந்தார்கள். ஜானகிராமன் விரலில் தர்ப்பையைப் போட்டுக்கொண்டார். அமிர்தவல்லி சொம்போடு பக்கத்தில் நின்றாள். அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன.

"வேற யாருக்கு விடணுமோ அவங்க பேரச் சொல்லுங்க" என்றார் அய்யர்.

"யோஹான்."

"என்ன பேரு சார் இது?"

"வெளிநாட்டுப் பையன். சண்டையில செத்துட்டான். அவனுக்கு விட யாருமில்ல."

அமிர்தவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை தாகத்தோடு நிற்க, எவன் தம்பிக்கோ முதல் தண்ணீரா? சொம்பை வீசிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. அய்யர் சளைக்கவில்லை. "நாதியத்தவங்களுக்கும் விடலாம். விடுங்க" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். எள் தண்ணீரோடு இறங்கியது.

அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு சிட்டிகை எள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பின்னால் அடுத்த வரிசை ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

"வெற்றிவேலு" என்றார். "எம்புள்ள. நான்தான் போடான்னு அனுப்புனேன்."

"பேரு மட்டும் சொன்னாப் போதும் சார்."

"நான்தான் அனுப்புனேன் அய்யரே. அவன் போறேன்னு சொல்லல."

இதைக் கேட்கத்தான் அவள் ஒன்றரை வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் கொஞ்சமும் ஆறவில்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வாயால் பெயர் வராதவரை, எல்லாப் பழியும் அவர் தலையில் இருந்தது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கிறது.

"டிபன் கட்டிக் குடுத்தது நானுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொம்பைச் சாய்த்தாள். இருந்த தண்ணீர் முழுதும் அவர் கைமேல் விழுந்தது.