மங்காத சிவப்பு

சாம்பிராணி டப்பாவைத் தேடி அடுப்படிக்குள் வந்த உமாபதி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கிய மருந்து அட்டையைப் பார்த்ததும், தூக்கிய கையை இறக்க மறந்து நின்றுவிட்டான். கறுநீல எழுத்துகள் அச்சடித்தாற்போல வரிசையாக இருந்தன. காலை, இருதய மாத்திரை ஒன்று. காலை, நீர் மாத்திரை ஒன்று. இரவு, சளி மருந்து ஒரு கரண்டி. அதற்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை.

அங்கே அவன் எழுதியிருந்தான். தன் கையாலேயே, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான். 'சனி, ஞாயிறு இருதய மாத்திரை கூடாது. வாந்தி வந்தாலோ, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்தவும்.' அட்டையை ஆணியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நிப்பு அழுந்திய தடம் மட்டும் இருந்தது. சிவப்பு இல்லை.

கூடத்தில் அப்பா நாராயணசாமி கிடந்தார். எழுபத்து நாலு வயது. புக்கிட் ரோத்தான் பக்கத்து இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர். விடிகாலை ஐந்தரைக்கு, உமாபதி வேலையாட்கள் கூடும் பெரட்டில் நின்று அவர்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. போக வேண்டிய வயசுதான் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். காலை பத்து மணி வரைக்கும் அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

மை விஷயத்தில் உமாபதி அளவுக்கு ஏமாந்த ஆபீஸ் கணக்குக் கிராணி கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே கிடையாது. எண்பத்து நாலாம் வருஷம் வந்து, ஊரே பால்பாயிண்டுக்கு மாறிய பிறகும் அவனுக்கு ஊற்றுப்பேனாதான். கறுப்பு என்று வாங்கியது பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் எழுதியது. பச்சை, பாசி மாதிரி நிப்பை அடைத்துக்கொண்டது. துணியில் பட்டால் கழுவினாலே போய்விடும் என்று புட்டியில் போட்டிருந்த கறுநீலம், ஆறு சட்டைகளைத் தின்றுவிட்டு இன்னும் போகவில்லை. இனி வாங்கினால் என் பேர் உமாபதி இல்லை என்பான். அடுத்த மாசமே நாகூர் மீரான் கடையில் நிற்பான்.

அந்தச் சிவப்பை மீரான்தான் எடுத்துக் கொடுத்தார். "கிராணி, காயிதம் மக்குனாலும் இது மங்காது" என்றார். லேபிளும் அதையேதான் சொன்னது. ஆபீஸ் புத்தகங்களில் அந்தச் சிவப்பு இன்றைக்கும் சிவப்புதான். புத்தகங்கள் இரும்பு அலமாரிக்குள் இருட்டில் இருந்தன. அடுப்படி ஜன்னலோ கிழக்குப் பார்த்தது. இரண்டு மாசமாகக் காலை வெயில் நேராக அட்டைமேல் விழுந்துகொண்டிருந்ததை அவன் நினைத்துப் பார்க்கவே இல்லை.

முதல் மூன்று வாரம் மருந்து கொடுத்தது அவன்தான், அட்டையைப் பார்க்காமலே மனப்பாடமாக. பிறகு ஆபீசில் ஆடிட் வந்து, இருட்டோடு ஓட வேண்டியதாயிற்று. மனைவி தங்கமணியிடம் மருந்தை ஒப்படைத்தான்.

"வேற ஏதாச்சும் பாக்கணுமாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் அட்டையில இருக்கு. படிக்கத் தெரியும்ல. அதும்படி குடு."

ஒன்றை எழுதிவிட்டால் அதை மனசிலிருந்து இறக்கிவைத்துவிடுவது அவன் வேலைப் பழக்கம். போன வாரம் அப்பா வாந்தி எடுத்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்து, "எப்பப்பா மஞ்சச் சாயம் அடிச்ச?" என்று கேட்டார். உமாபதி சிரித்தான். ஆபீசில் போய்ச் சொல்லியும் சிரித்தான்.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று இப்போது நினைத்தான். நினைத்த மறுகணமே, இது யார் கண்ணிலும் படக்கூடாது என்றும் நினைத்தான். தோட்டத்து மருந்தக டிரஸ்ஸர் சுப்பிரமணியம் மரணத்தைப் பதிய வருவார். மாத்திரைப் பாக்கெட்டைக் கேட்பார். போலீசுக்குப் போகும். ஊர் பேசும். அப்பனுக்கு மருந்து கொடுத்தே அனுப்பிவைத்த கிராணி என்று லயத்து வீட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். குழாயைத் திறந்து அட்டையை அடியில் பிடித்தான். மிச்ச எழுத்தும் கரைந்துவிட்டால் போதும், வெற்று அட்டை யாரையும் காட்டிக்கொடுக்காது. விரலால் தேய்த்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தான். அட்டை நைந்ததே தவிர கறுநீலம் அசையவில்லை. கிழித்துவிடலாம் என்று விளிம்பைப் பிடித்தபோது வாசலில் டாக்சி வந்து நின்றது. தங்கச்சி லீலாவதியின் அழுகை கேட்டது. ஈர அட்டையை மடித்து வேட்டி மடிப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டு வெளியே வந்தான்.

லீலாவதி செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கமணியைப் பார்த்தாள்.

"போன மாசம் வந்தப்ப நல்லா உக்காந்து பசியாறுனாரே அண்ணி. எப்படி திடீர்னு?"

"ஒரு வாரமா சாப்பாடே எறங்கல லீலா."

"மருந்து?"

"ஒரு நாள் தவறாம குடுத்தேன்."

தங்கமணி அதைப் பெருமையோடு சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து டிரஸ்ஸர் வந்தார். அப்பாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், துண்டால் கையைத் துடைத்தார், மருந்துப் பாக்கெட்டுகளைக் கேட்டார். இருதய மாத்திரைகளை மேசைமேல் கொட்டி ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இருபது இருக்கணும் லா கிராணி. பத்துதான் இருக்கு." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சனி ஞாயிறு விடணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லித்தானே அனுப்புனாங்க. யாரு குடுத்தது?"

எல்லாருடைய பார்வையும் தங்கமணி பக்கம் திரும்பியது.

"அப்படி எதும் அட்டையில இல்லீங்களே," என்றாள் அவள். "இருங்க, எடுத்தாந்து காட்டறேன்."

அடுப்படிக்கு ஓடினாள். இப்போதே சொல்லிவிடு என்று உமாபதியின் மனசு அடித்துக்கொண்டது. சட்டைக்கு மேலாக அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"ஆணியிலதான் மாட்டியிருந்துச்சு. காலையிலகூடப் பாத்தேன்."

"நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானே அண்ணி எங்கப்பாவ விட்டுட்டு நிம்மதியா இருந்தேன்," என்றாள் லீலாவதி. அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தங்கமணி உமாபதியின் முன்னால் வந்து நின்றாள். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே எழுதுனீங்க. சனி ஞாயிறுன்னு எங்கயாச்சும் இருந்துச்சா? நான் சரியாப் படிக்கலியா?"

இருபது வருஷத்தில் அவள் இப்படிப் பயந்து அவன் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். படிக்காமல் கொடுத்துவிட்டாள் என்று ஊர் சொல்லும், காலம் போனால் அவளே அதை நம்பியும் விடுவாள். ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு உமாபதி அதை உண்மையாகவே யோசித்தான். யோசித்ததை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

சட்டையைத் தூக்கி அட்டையை உருவினான்.

"இந்தா இருக்கு. நான்தான் ஒளிச்சு வச்சேன். கீழ சிவப்புல எழுதியிருந்தேன், வெயில்ல போயிடுச்சு. அவ மேல தப்பில்ல."

டிரஸ்ஸர் அட்டையை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"வீங்கிப்போன இருதயம் கிராணி. மாத்திரையால போயிருக்கலாம். அது இல்லாமலும் போயிருக்கலாம். அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்." லீலாவதியின் பக்கம் திரும்பினார். "நீயும் மகதானேம்மா. என்ன எழுதட்டும்?"

உமாபதி தங்கையையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எங்கப்பாவ அறுக்க வேணாம்," என்றாள். எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

டிரஸ்ஸர் பால்பாயிண்ட் பேனாவை எடுத்துப் பாரத்தில் இருதய நோய் என்று இரண்டு வரி எழுதினார். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

போலீஸ் பயம் போய்விட்டது. தங்கமணி தண்ணீர் எடுத்து வைத்தாள், கோடித் துணியைப் பிரித்தாள், மாலைகளை வாங்கி அடுக்கினாள், அவன் இருக்கும் பக்கம் மட்டும் வரவில்லை. இத்தனை நாள் தன் கையால் அந்த மாத்திரைகளை அவர் நாக்கில் வைத்தவள் அவள். என்னை இவள் என்ன செய்யப் போகிறாள் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

மூன்று மணிக்குத் தப்பு முழங்கத் தொடங்கியது. அப்பாவைக் குளிப்பாட்டி, பாடையில் கிடத்தி, வாய்க்கட்டைத் தளர்த்தினார்கள். உமாபதி ஈர வேட்டியோடு நின்றான். தங்கமணி அரிசித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை மொதல்ல வாய்க்கரிசி போடட்டும்," என்று யாரோ சொன்னார்கள்.

ஒரு பிடி எடுத்துக் குனிந்தான். அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கை பாதி வழியில் நின்றது. விரல்களுக்கு இடையில் அரிசி உதிர்ந்தது. தப்புக்காரர்கள்கூட அடிப்பதை மெல்லக் குறைத்தார்கள்.

"என்னால முடியல," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "பயமா இருக்கு தங்கமணி."

அவள் தட்டை இடது கைக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்களும் ஜில்லென்று இருந்தன.

"போடுங்க," என்றாள்.

பிடித்த பிடியை விடாமல் மூன்று தடவை அவன் கையை அந்த வாயருகே கொண்டுபோனாள். அரிசி பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. முந்தானையால் தாடையை ஒற்றியெடுத்தாள். பிறகு கூடத்தின் மறுகோடிக்கு நடந்துபோய், லீலாவதியின் முன்னால் குனிந்து தட்டை நீட்டினாள்.

லீலாவதி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கமணி நீட்டிய கையை இறக்காமல் குனிந்தபடியே நின்றாள்.