மீசைக்குக் கிடைத்த பதக்கம்

"மேடம், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்தீங்கன்னா ஃபிரேம் கிளீனா இருக்கும்."

காபித் தட்டோடு வந்த சொர்ணலதா அப்படியே நின்றார். ராணுவ வீரரைப் பேட்டி எடுக்க வந்த நாளிதழ் நிருபர் காட்டிய அந்தப் பக்கம் சமையலறை. ஃபிரேமுக்குள் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர் மல்லப்பன். மல்லப்பனின் மடியில் திறந்த பெட்டி, பெட்டிக்குள் ராணுவப் பதக்கங்கள். பதக்கங்கள் அத்தனையும் சொர்ணலதாவுடையவை. மல்லப்பனுடையது மீசை மட்டும்தான்.

ஆனால் அது சாதாரண மீசை அல்ல. தசரா ஊர்வலத்தில் நடக்கவிட்டால் அம்பாரி யானையே ஒதுங்கி வழிவிடும்.

"தம்பி, ஒரு நிமிசமுங்க," என்றார் மல்லப்பன். "பட்டாளத்துல இருந்தது நான் இல்லீங்க. இவங்கதான். மேஜர் சொர்ணலதா, ராணுவ நர்சிங் சர்வீசு. நானு நஞ்சன்கூட்டு ஃபேக்டரில ஸ்டோர் கீப்பர். என் சர்வீசுல நான் எதுத்து நின்னு புடிச்ச ஒரே எதிரி எலிதானுங்க."

நிருபர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதான் சார் நிஜமான வீரர்! எவ்வளவு தன்னடக்கம்! அந்த மெடல கொஞ்சம் மார்புகிட்ட தூக்கிப் புடிங்க சார்."

மல்லப்பனின் வாழ்க்கைத் துயரமே இதுதான். விளையாட்டாகச் சொல்வதை ஊர் நம்பிவிடும். உண்மையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கல்யாணப் பந்தியிலேயே, "பொண்ணு லெப்டினன்டுங்க, என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்கமாட்டா, நான்தான் நிக்கோணும்" என்று சொன்னார். ஹனூர்ச் சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்கள்.

நிருபர் முன்னால் சொர்ணலதா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அப்படி ஒன்றும் சொல்லாமல் அவர் போவது, மல்லப்பனின் கணக்கில், பீரங்கிக்குச் சமம்.

மறுநாள் நாளிதழில் கால் பக்கத்துக்குப் படம். 'களம் கண்ட மீசை' என்று தலைப்பு. கடைசி வரியில், 'இவரது மனைவி சுவையான காபி போடுகிறார்.' மல்லப்பன் அலுவலகத்துக்குப் போன் போட்டு, குரலை எவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு இறுக்கமாக வைத்துக்கொண்டு திருத்தம் கேட்டார். அவர்களும் நல்லவர்கள், போட்டார்கள். டெண்டர் அறிவிப்புக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில்: 'வீரரின் மனைவியும் சில காலம் மருத்துவமனையில் பணிபுரிந்தவர் என அறிகிறோம்.'

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? மல்லப்பன் குடியிருந்த லேஅவுட்டின் நம்பிக்கையே அதுதான். காரின் கண்ணாடியில் 'ஆர்மி' ஸ்டிக்கர், ஓட்டுகிறவர் மீசை வைத்த ஆண்பிள்ளை. சொர்ணலதா அவர்களுக்கு நர்ஸம்மா. யாருக்குத் தலை சுற்றினாலும் அந்த வீட்டு மணியை அடித்தால் காசு வாங்காமல் பிரஷர் பார்ப்பார், ஊசி போடுவார். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்பதும் தெரியும். "புருஷன் மிலிட்டரி அல்வா, இல்லையா? பாவம்னு அந்தம்மாவுக்கும் அங்கயே ஒரு வேலை போட்டுக் கொடுத்திருப்பாங்க" என்று ஊர் தானாகவே காரணம் கண்டுபிடித்துக்கொண்டது.

சொர்ணலதா ஜம்முவிலும் பட்டான்கோட்டிலும் இருந்த வருஷங்களில், மகள் வினிதாவுக்கு ரெட்டைச் சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நஞ்சன்கூடு ரயிலைப் பிடிக்க ஓடியவர் மல்லப்பன். இன்றைக்கும் ரிப்பனில் பூ முடிச்சுப் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அதற்கு யாரும் பதக்கம் தரவில்லை, பேட்டி எடுக்கவும் வரவில்லை.

இத்தனை வருஷம் ஊர் பேசுவதையெல்லாம் சொர்ணலதா பொருட்படுத்தியதே கிடையாது. இந்த ஆகஸ்ட் மட்டும் வேறு. எப்போதும் லேஅவுட் போட்ட ரியல் எஸ்டேட்காரர்தான் கொடியேற்றுவார். இந்த முறை முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் ஏற்றுவார் என்று குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

"ஏனுங்க, இந்த லேஅவுட்டுல பட்டாளத்துல இருந்தது நான் ஒருத்திதானுங்களே?" என்று கேட்டார் சொர்ணலதா. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் பீரோவிலிருந்து காட்டன் சேலையை எடுத்துக் கஞ்சி போட்டார். "ஒவ்வொரு ஆகஸ்ட் பதினஞ்சுக்கும் நான் வார்டுல டிரிப் மாத்திட்டு இருப்பேனுங்க. வெளிய பேண்டு சத்தம் மட்டும் கேக்கும். ஒரு தடவையாச்சும் அந்தக் கயித்த நான் இழுக்கோணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நிலமா கேட்டார், நகையா கேட்டார்? ஒரு கயிறு.

அதற்குள் நாளிதழைப் பார்த்துவிட்டு யூடியூப்காரன் பிரசாந்த் வந்து நின்றான். அடுத்த தெருத் தமிழ்ப் பையன்தான். வாயைத் திறந்தால் பாதி கன்னடம். மல்லப்பன் இந்த முறை உஷாராக இருந்தார். மீசையை மஃப்ளரால் மூடிக்கொண்டார்.

"தம்பி, பேட்டி இவங்ககிட்டத்தான். நான் ஃபேனு போடறதுக்கு மட்டும்தான் இருக்கறேன்."

"ஹௌது, ஆமா அங்கிள், ஆன்ட்டியே பேசட்டும். லேடீஸ் ஆங்கிள் நல்லா ஓடும்."

சொர்ணலதா மனம்விட்டுப் பேசினார். கார்கில் சமயத்தில் ஒரு ராத்திரி ஸ்ட்ரெச்சரில் வந்த பையன் யார் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து மண்டியாக்காரன் என்று ஊகித்து, காதருகே குனிந்து கன்னடத்தில், "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிற கேள்வி. பையன் கண்ணைத் திறந்தான். ஒரு கால் போயிற்று, உயிர் நின்றது. "இன்னிக்கும் சங்கராந்திக்கு எள்ளு-வெல்லம் அனுப்பிட்டுத்தான் இருக்கறான். பொட்டலத்து மேல 'மேஜர் அக்கா'ன்னு எழுதுவான்" என்று சொல்லிச் சிரித்தார்.

வீடியோ வந்தது. எள்ளு-வெல்லத்தைக் காணவில்லை. மேஜரையும் காணவில்லை. முகப்பில் ஒரு டாங்கி; டாங்கிக்கு மேல் பழைய செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய மல்லப்பனின் மீசை; ஓரத்தில் சொர்ணலதாவின் முகம், கன்னத்தில் வரைந்து விட்ட கண்ணீர். 'போர்முனையில் கணவர்... கலங்கித் தவித்த மனைவி!'

சொர்ணலதா அந்தக் கண்ணீரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தத் தண்ணிய எந்தக் கொழாயில புடிச்சு என் கண்ணுல ஊத்தியிருக்கறான்?"

மல்லப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்குப் போனார், தெருவில் போனார், எல்லோரும் அவருக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். பால்காரர்கூட அடித்தார். ஒவ்வொரு சல்யூட்டும் மனைவியின் பையிலிருந்து திருடியதுபோல உறுத்தியது.

சுதந்திர தினத்தன்று காலை பூத்தூறல். பூங்காவில் கம்பம் நட்டு, இட்லி-வடைக்குச் சொல்லி, நாற்காலி போட்டிருந்தார்கள். சொர்ணலதா கஞ்சி மொடமொடக்கும் சேலையில், நெஞ்சில் பதக்கங்களோடு வந்தார். பெண்கள் பக்கம் உட்காரச் சொன்னார்கள். "புருஷனோட மெடல எவ்வளவு ஆசையா குத்திட்டு வந்திருக்காங்க பாருங்க!" என்று பின்னால் யாரோ உருகினார்கள்.

சங்கத் தலைவர் சந்திரன் மைக்கைத் தட்டினார். "நம்ம லேஅவுட்டின் பெருமை, கார்கில் வீரர், மல்லப்பன் சார் கொடியேத்துவாங்க!"

கைதட்டல். மல்லப்பன் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"நான் வீரன் இல்லீங்க. வீட்டுக்காரன். மேஜரோட வீட்டுக்காரன்."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. பிரசாந்த் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி வந்தான்.

மல்லப்பன் மைக்கைக் கொடுத்துவிட்டார். வாய் திறந்தால் ஆகாது என்று ஒருவழியாகப் புரிந்துவிட்டது. கம்பத்துக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், கயிறு," என்றார் சந்திரன்.

மல்லப்பன் நின்றார்.

"சார்... எல்லாரும் வெயிட்டிங். இட்லி ஆறுது."

மழைத்துளி மீசை நுனியில் தொங்கியது. துடைக்கக்கூடக் கை வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக மல்லப்பனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். பார்த்தார் அவ்வளவுதான், கூப்பிடவில்லை. மேஜரைக் கூப்பிட ஸ்டோர் கீப்பருக்கு ஏது அதிகாரம்?

சொர்ணலதா எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. கொடி விரிந்தது, செவ்வந்தி இதழ்கள் அவர் தலையில் விழுந்தன. இரண்டடி பின்வாங்கி அவர் அடித்த சல்யூட்டில் கஞ்சிச் சேலைகூட அசையவில்லை. மல்லப்பன் கைகளை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைதான் என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மறுநாளே வீடியோ லட்சத்தைத் தாண்டியது. தலைப்பு: 'போரில் கைகளை இழந்த வீரர்! கயிறு இழுத்துக் கொடுத்த பத்தினி!'

கைகள் இருப்பதைப் படத்திலேயே பார்க்கலாம். யார் பார்த்தார்கள்?

சாயங்காலம் சந்திரன் ஒரு பாட்டில் மூலிகைத் தைலத்தோடு வந்தார். "சாரோட கைக்கு. கேரளா எண்ணெய். இத்தனை நாளா வலியைக் காட்டிக்காமலே இருந்திருக்காரே! அப்படியே, நர்ஸம்மா, எனக்குக் கொஞ்சம் பிரஷர் பாத்துடுங்க. நேத்துல இருந்து ஒரு மாதிரி இருக்கு."

சொர்ணலதா கருவியை எடுத்து வந்தார். சந்திரனின் புஜத்தில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அழுத்தினார். பட்டை உப்பியது. இன்னும் அழுத்தினார். அப்புறம் காற்றை விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"சந்திரன், நேத்து கொடியேத்துனது யாருங்க?"

"அம்மா... கை மரத்துப் போகுது..."

"யாருங்க?"

"நீங்க."

"நான் யாரு?"

சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஒரு படம். பனிமலைக்கு முன்னால், தோளில் நட்சத்திரங்களோடு, இளம்வயது சொர்ணலதா. எத்தனையோ முறை இதே நாற்காலியில் உட்கார்ந்து பிரஷர் பார்த்திருக்கிறார். அந்தப் படத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மேஜர்," என்றார். நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "மேஜர் மேடம்."

சொர்ணலதாவின் முகம் இளகியது. காற்றை வெளியே விட, திருகியில் விரலை வைத்தார். சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற மல்லப்பன் பெருமூச்சு விட்டார். அப்பாடா, ஒருத்தருக்காவது விளங்கியது.

சந்திரன் குரலைத் தாழ்த்தி, அளவற்ற மரியாதையோடு கேட்டார்:

"அப்படின்னா மேடம்... நீங்களே மேஜர்னா, சார் கர்னலா இருந்திருக்கணுமே?"

சொர்ணலதா திருகியிலிருந்து விரலை எடுத்தார். ரப்பர் பந்தை இன்னொரு தரம் அழுத்தினார்.

"பிரஷர் கூடத்தான் இருக்குங்க," என்றார்.